அத்தைக்கு மீசை முளைத்தால்

'சித்தப்பா' என்று சிரிக்கும் ஊர் இது. அத்தைகளுக்கு மீசை முளைக்கத்தான் செய்கிறது. நாற்பதைத் தாண்டிய என் முகவாயிலும் நாலைந்து முடி. கஸ்தூரி மஞ்சள், நூல், மெழுகு என எந்த வதைக்கும் நமக்குச் சம்மதம். ரேசர் மட்டும் ஆகாதாம், மழித்தால் தடித்து வளருமாம்! அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928லேயே சோதித்து, அது பொய்யென்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவே. வெந்நீர் ஒத்தடம், சோப்பு நுரை, புது பிளேடு, முடி சாயும் திசையிலேயே மெல்ல இழுத்தால் ஐந்து நிமிட வேலை. அண்ணன்மார் முற்றத்தில் கண்ணாடி மாட்டிச் செய்வதை நாம் கதவைத் தாழிட்டுச் செய்கிறோம். மழிப்பதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் சினைப்பை நீர்க்கட்டியால் தாடி அரும்பும் மகளிடம் 'கல்யாணத்துக்குள்ள எல்லாம் போயிடணும்' என்கிற வீடு, அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று ஒருநாளும் கேட்பதில்லை.