அலையைப் படிக்க நம்மில் ஒரு பிள்ளை வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவுதான். சாதாரண தரம் எழுதிவிட்டு, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் வாப்பா, உம்மாமார் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

டிசம்பர் 26 வந்தால் நாம் யாரும் மறப்பதில்லை. துஆ கேட்கிறோம், பழைய படங்களைப் பகிர்கிறோம். 2004 இல் கிண்ணியாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே அலை புகுந்ததையும், மூதூர்க் கரையில் என்ன நடந்தது என்பதையும் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நினைவு நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்த அலையைப் பற்றிய அறிவு எவ்வளவு இருக்கிறது?

ஒரு சின்னப் பரீட்சை வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், "சுனாமி வரப்போகிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேராவது, "முதலில் கடல் உள்வாங்கும், பிறகு அலை வரும்" என்றுதான் சொல்வார்கள்.

அது பாதி உண்மை. 2004 இல் தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. ஆனால் நம் பக்கம் முதலில் வந்தது நீர் உயர்வு. கடலடித் தட்டு கிழிந்தபோது அதன் மேற்குப் பக்கம் மேலே எழுந்தது, கிழக்குப் பக்கம் கீழே இறங்கியது. எழுந்த பக்கத்தின் நீர் மேற்கே, அதாவது இந்தியாவையும் இலங்கையையும் நோக்கி உயர்ந்தபடியே வந்தது. இறங்கிய பக்கம் தாய்லாந்தை நோக்கிப் பள்ளமாகப் போனது. இலங்கையில் பல இடங்களில் முதல் அலைக்குப் பிறகுதான் கடல் உள்வாங்கியது. அதைப் பார்க்கக் கரைக்குப் போனவர்களை அடுத்து வந்த பெரிய அலை கொண்டுபோனது. "கடல் வற்றினால் ஓடலாம்" என்று காத்திருக்கும் பிள்ளைக்கு நம் கரையில் ஓட நேரமே கிடைக்காமல் போகலாம்.

இதை நமக்குத் தெளிவாகக் காட்டியது கணிதம். அது எந்த அலுவலகத்திலும் சுனாமிக்காக என்று தொடங்கிய கணிதமும் அல்ல.

1834 இல் ஸ்கொட் ரசல் என்ற பொறியியலாளர் எடின்பரோவுக்கு அருகே ஒரு கால்வாயில், உருக்குலையாமல் ஓடிக்கொண்டே இருந்த ஒற்றை அலையைக் குதிரையில் துரத்திப் போய்ப் பார்த்தார். 1895 இல் கோர்ட்டவெக், டி வ்ரீஸ் என்ற இரண்டு ஒல்லாந்தர்கள் அதற்கொரு சமன்பாடு எழுதினார்கள். 1965 இல் அந்த வகை அலைக்கு 'சொலிட்டன்' என்று பெயர் வந்தது. அதன் பிறகு பலர் தங்கள் வாழ்நாளையே இந்தச் சமன்பாடுகளுக்குக் கொடுத்தார்கள்.

அவர்களில் ஒருவர் தமிழர். பேராசிரியர் முத்துசாமி லட்சுமணன், கோட்பாட்டுப் பௌதிகவியலாளர். நம்மில் பலர் வைத்தியத்துக்கும் சாமான் வாங்கவும் போய்வரும் திருச்சியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகளாக இந்த ஆய்வைச் செய்தவர். 1977 இல் காந்தப் பொருளின் உள்ளே நடப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சமன்பாட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஆழ்கடலில் கூட்டமாகப் போகும் அலைகளை விவரிக்கும் அதே சமன்பாடு அடியில் இருந்தது. காந்தமும் கடலும் ஒரே கணக்கில் வந்து நின்றன. 1989 இல் இந்தியாவின் பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது.

சுனாமிக்குப் பிறகு, கொல்கத்தாவின் சாகா நிறுவனத்தைச் சேர்ந்த அஞ்சன் குண்டு, சுனாமியையும் இந்த அலைகளையும் பற்றிப் பல அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்து 2007 இல் ஒரு நூல் வெளியிட்டார். லட்சுமணனும் அதில் எழுதினார். தன் வாழ்நாள் ஆய்வுக்கும் சுனாமிக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. இருக்கக்கூடிய தொடர்புகள் என்ன என்றுதான் தலைப்பிலேயே கேட்டார்.

அதே நூலில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஹார்வி சீகரும் எழுதினார். 1974 இல் இந்தச் சமன்பாடுகளைத் தீர்க்கும் பெரிய வழிமுறையைக் கொண்டுவந்த நால்வரில் ஒருவர் அவர். "சுனாமி ஒரு சொலிட்டன்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. அப்படியே விட்டிருந்தால் அவருடைய துறைக்குத்தான் பெருமை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, 2004 அலை நடுக்கடலில் சொலிட்டனாக மாறியிருக்க முடியாது, அப்படி மாற வங்காள விரிகுடாவின் தூரம் போதாது என்று எழுதினார். தன் சமன்பாடு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்லும் இந்த நேர்மையை நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் உறுதியான செய்தியாக அனுப்பும் நமக்கும் அது தேவை.

"இதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் புரியுமா ஸேர்?" என்பீர்கள். தொடக்கம் புரியும். ஆழத்தைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். அதுதான் செக்கனுக்கு எத்தனை மீற்றர் என்ற சுனாமியின் வேகம். 4,000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 200 மீற்றர், மணிக்கு 720 கிலோமீற்றர். 10 மீற்றர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 36 கிலோமீற்றர்தான். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அது நம்மிடம் வந்தது எப்படி என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

வேகம் குறைந்தால் பின்னால் வரும் நீர் முன்னால் உள்ளதை நெருக்கும், உயரம் கூடும். 4,000 மீற்றரிலிருந்து 10 மீற்றருக்கு ஆழம் 400 மடங்கு குறைகிறது. 400 இன் வர்க்கமூலத்துக்கு இன்னொரு தடவை வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ நாலரை. உயரம் அத்தனை மடங்கு கூடும். அன்று வங்காள விரிகுடாவுக்கு மேலே போன ஜேசன் செய்மதி அளந்த அலை ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். நாலரையால் பெருக்கிப் பாருங்கள், ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு, கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில், இந்த எளிய கணக்கு செல்லாது. இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு வராது. அலையின் உச்சி அடியைவிட வேகமாகப் போய் உடையும். அந்த இடத்திலிருந்துதான் லட்சுமணன், சீகர் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கப் படித்த வகைக் கணிதம் தொடங்குகிறது. நம் வீடுகளும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது, ஓடினோம், பெரிய அலை வரவில்லை. "சும்மா பயம் காட்டினார்கள்" என்று பிறகு சிரித்தவர்கள் உண்டு. அன்று தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி பெரிதாக மேலே எழவில்லை. அதனால் தப்பினோம். இதை விளங்கப்படுத்த ஊருக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் அடுத்த எச்சரிக்கையை யாரும் அலட்சியப்படுத்தமாட்டார்கள்.

என் கருத்து இதுதான். அலையால் இவ்வளவு இழந்த சமூகம், அலையைப் படித்தவர்களையும் உருவாக்க வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளையிடம், "இணைந்த கணிதம் கஷ்டம், இசட் புள்ளி வராது, லேசான பாடத்தை எடு" என்கிறோம். பெண் பிள்ளை என்றால் பேச்சே இல்லை. டொக்டர் ஆக முடியாவிட்டால் வேறு எதுவும் படிப்பே இல்லை என்று நினைக்கிறோம். தொழில் பற்றிய பயம் நியாயமானது, அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் துறைமுகம், மீன்பிடி, கரையோரக் கட்டுமானம், அனர்த்த முகாமைத்துவம் எல்லாம் இந்தக் கடலோடு இருக்கும் தொழில்கள். மொரட்டுவையில் கரையோரப் பொறியியல் படிப்பிக்கிறார்கள்.

"எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் எனக்கும் ஈமான் இருக்கிறது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, பெற்றோருக்கு: பிள்ளைக்கு விருப்பமும் திறமையும் இருந்தால், பயத்தைக் காட்டிக் கணிதப் பிரிவிலிருந்து இழுக்காதீர்கள்.

இரண்டு, சக ஆசிரியர்களுக்கு: டிசம்பர் விடுமுறைக்கு முன் ஒரு பாடவேளை ஒதுக்கி, மேலே சொன்ன இரண்டு கணக்குகளையும் பிள்ளைகளைக் கொண்டே செய்விப்போம்.

மூன்று, பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு: டிசம்பர் 26 க்கு முந்திய ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் கொடுங்கள். கடல் வற்றும் வரை காத்திருக்கக் கூடாது, எச்சரிக்கை வந்தால் உடனே மேட்டுக்குப் போக வேண்டும், முதல் அலை போனதும் திரும்பி வரக் கூடாது. இந்த மூன்றையும் சொன்னால் போதும்.

கணிதம் அல்லது பொறியியல் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், கீழே உங்கள் துறையை எழுதுங்கள். பாடசாலைக்கு வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா என்றும் சொல்லுங்கள். ஏற்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், இன்ஷா அல்லாஹ்.