பழைய பாட்டுப் பட்டியலில் மலையகம் எங்கே?

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில் கினிகத்தேனை ஒரு பிரியும் சந்தி. நாவலப்பிட்டிப் பக்கம் போகிறவர்கள் இங்கே திரும்ப வேண்டும்; வட்டவளை, ஹட்டன் போகிறவர்கள் மழைக்குள் மேலே ஏற வேண்டும். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்துவிட்டு லீவுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளின் பாதை இது. பஸ்ஸில் சாரதிக்குப் பிடித்த பாட்டு ஓடும், காதில் அவரவர் பாட்டு ஓடும். ஒரு காலத்தில் றெக்கோடிங் பாரில் பட்டியல் எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கசற்றில் பதிந்து வாங்கியதை இப்போது கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கருவிதான் மாறியிருக்கிறது. “இதைக் கேட்டியா? கட்டாயம் கேளு” என்ற அந்த வற்புறுத்தல் அப்படியே இருக்கிறது.

அண்மைக்காலமாக ஈழத்தமிழ் இசை ரசிகர்களிடையே, ஊரிலும் புலம்பெயர்ந்த இடங்களிலும், இந்த வற்புறுத்தலுக்கு ஒரு புது வடிவம் வந்திருக்கிறது. மறந்துபோன பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பட்டியல் போடுவதும், புதிதாக வந்த ரொக், ராப் அல்பங்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பரிந்துரைப்பதும் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. போரில் வீடும் அலுமாரியும் அதற்குள்ளிருந்த கசற்றும் போன சமூகத்துக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இப்படிப் போட்ட பட்டியல்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. இலங்கையில் வெளியான முதல் தமிழ் இசைத்தட்டுக்குரியவர் என்று அறியப்படும் திருகோணமலை எம்.பி. பரமேஷ், அவருடைய சகோதரர் கோணேஷ். பிறகு உரும்பிராய் நித்தி கனகரத்தினம். கிற்றாரோடு பாடிய அவருடைய ‘சின்ன மாமியே’ தெரியாத யாழ்ப்பாணத்தவர் இல்லை. அடுத்து 2018 ஜனவரியில் சென்னையில் காலமான ஏ.ஈ. மனோகரன். அவர் பிரபலமாக்கிய ‘சுராங்கனி’ 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் போனது. தமிழ்நாட்டில் பலர் அதை இன்றும் சினிமாப் பாட்டாகவே நினைக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தேடுகிறவர்கள் வானொலி மெல்லிசை வரை போய் எஸ்.கே. பரராஜசிங்கத்தைக் குறிப்பிடுவார்கள். இளையவர்கள் என்றால் 2006இல் வந்த கிருஷான் மஹேசனின் ‘ஏசியன் அவென்யூ’வில் தொடங்குவார்கள். தமிழ் ராப் என்றால் சென்னை என்று நினைப்பவர்கள் அந்த அல்பத்தை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். அதே 2006இல் மலேசியாவில் யோகி பி – நட்சத்திராவின் ‘வல்லவன்’ வந்தது. இரண்டும் சினிமாவின் தயவில்லாமல் வந்தவை.

நல்ல பட்டியல்தான். ஆனால் நான் பார்த்த இத்தகைய பட்டியல்களில் அநேகமாக ஒன்றிலும் தோட்டப்புறம் இல்லை.

இதற்கு யாரையும் குற்றம் சாட்டி எழுதுவது சுலபம். காரணத்தைப் பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. ஈழத்துப் பொப்பிசையின் பொற்காலம் என்று நாம் சொல்வது 1970களை. சிறிமாவோ அரசின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு சுருங்கியிருந்த காலம் அது. உள்ளூர்ப் படைப்புக்கு ஒரு வாசல் திறந்தது. இலக்கியத்தில் நடந்தது இசையிலும் நடந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் மேடைகள் நிறைந்தன.

அதே ஆண்டுகள் மலையகத்தில் எப்படி இருந்தன? 1973–74இல் தோட்டங்களில் பஞ்சம். மாவும் அரிசியும் இல்லாமல் லயங்களில் பட்டினிச் சாவுகள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு மாறியபோது பல குடும்பங்கள் துரத்தப்பட்டன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்திருந்தது. அந்தக் கணக்குப்படி கப்பலேற்றம் நடந்துகொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கும் பொப் பொற்காலத்தை ஒரு தோட்டத்துப் பாட்டியிடம் சொன்னால், அவருக்கு நினைவுக்கு வருவது மரவள்ளிக் கிழங்கும் கீரையும்தான். இசைத்தட்டு போட ஒலிப்பதிவுக் கூடம் வேண்டும், பணம் வேண்டும், நகரத்தில் தங்க ஓர் அறை வேண்டும். பிரஜாவுரிமையே இல்லாதவனுக்கு இதில் எது இருந்தது?

பாட்டு இல்லாமல் இல்லை. கொழுந்து மலையில் தெம்மாங்கு, சாவு வீட்டில் ஒப்பாரி, மாசியில் காமன் கூத்து, எதற்கும் தப்பு. இவற்றை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தவர் மீனாட்சி அம்மாள். ஹட்டனைக் களமாகக் கொண்டு தோட்டத் தொழிற்சங்கத்தைத் தொடக்கிய கோ. நடேசய்யரின் துணைவியார். கூட்டங்களில் அவர் பாடித்தான் பேச்சு தொடங்கும் என்பார்கள். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் புதுச் சொற்களை ஏற்றி, ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்று 1940இல் ஒரு பாட்டுப் புத்தகமே வெளியிட்டார். இந்திய நாட்கூலித் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பும் அரசியல் சூடேறிய நேரம் அது. தெரிந்த மெட்டை எடுத்து, நாட்டு நடப்பை அதில் வைத்து, கூட்டத்தைப் பாட வைப்பது: இன்றைய ராப் பாடகர் செய்வதும் ஏறத்தாழ இதுதான். மலையகத்தின் முதல் ‘அல்பம்’ எது என்று என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன்.

நம் கையில் இருப்பது ஒலியல்ல, அச்சு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்து 1983இல் வெளியிட்ட ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பும் அச்சுத்தான். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன மனிதர், தன் மக்கள் என்ன பாடினார்கள் என்பதைக் குறித்துவைக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் செய்யாதிருந்தால் அதுவும் இல்லை. ஆனாலும் தெம்மாங்கின் சொல்லைப் படித்து அதன் இழுப்பை எப்படி அறிவது?

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இந்த இழப்பை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்த பாட்டுக் கசற்றை மண்ணுக்குள் புதைத்தவர்களும், சோதனைச் சாவடிக்கு முன்னால் வீதியோரம் எறிந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். ஓர் இயக்கப் பாட்டு கையில் இருந்தது என்பதே பிடித்துப் போகப் போதுமான காலத்தில் வாழ்ந்தோம். இதில் இரண்டு முறை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் கிளிநொச்சியின் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் காடு வெட்டிக் குடியேறின. தோட்டத்துப் பாட்டை மலையில் விட்டுப் போனவர்கள், வன்னியில் சேர்த்ததை 2009இல் விட்டு ஓடினார்கள். வன்னியின் கதையைச் சொல்லும்போது இவர்களைத் தனியாக எண்ணும் வழக்கம் நமக்கு இல்லை. பாட்டிலும் அதேதான்.

கம்போடியாவில் நடந்தது இங்கே பொருந்தும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அங்கே சின் சிசமூத், ரொஸ் செரெய்சொத்தியா போன்றவர்கள் பாடிய ரொக் இசை செழித்திருந்தது. 1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்த பிறகு அந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் உயிரோடு இல்லை. 1996இல் ‘கம்போடியன் ரொக்ஸ்’ என்ற தொகுப்பு அமெரிக்காவில் வெளியானது. உலகெங்கும் இசைப் பிரியர்கள் அதை ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக் கொண்டாடினார்கள். அந்தத் தொகுப்பில் பாடியவர்களின் பெயரே போடப்படவில்லை. கொல்லப்பட்டவர்களின் குரல் உலகம் சுற்றியது, பெயர் இல்லாமல். ரசிகர்கள் பின்னர் ஒவ்வொரு குரலாக அடையாளம் கண்டார்கள். 2014இல்தான் சின் சிசமூத்தின் பாடல்கள் பலவற்றின் உரிமை அவருடைய குடும்பத்துக்கு அந்நாட்டில் முறையாக வழங்கப்பட்டது. பரிந்துரைப்பது பாட்டைக் காப்பாற்றும் என்பது உண்மை. பாடியவரையும் காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நம்முடைய உதாரணம் ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வெளியான இந்தப் பாட்டை யூடியூபில் 40 கோடிக்கும் அதிகமான தடவை பார்த்திருக்கிறார்கள். கினிகத்தேனை பஸ்ஸிலும் ஒலித்தது, டொரொண்டோ கல்யாண வீட்டிலும் ஒலித்தது. அதன் வேர் நம் மலையில் இருக்கிறது. அரக்கோணத்துக்காரரான அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து நிலமில்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதைகளிலிருந்து இந்தப் பாட்டு பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். 1964 ஒப்பந்தம் பற்றி எழுதிய அத்தனை கட்டுரைகளும் சேர்ந்து எட்டாத காதுகளுக்கு, ஓர் ஒப்பாரியும் கொஞ்சம் தாளமும் எட்டின.

பிறகு நடந்தது தெரியும். 2021 ஓகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கண்டித்த பின்னர் அறிவுக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமலே மேடையேறியது. தானே எழுதி, மெட்டமைத்து, பாடியது என்று அறிவு சொல்ல, மூவரின் கூட்டுப் படைப்பு என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அதே சந்தோஷ், இந்தப் பாட்டால் தங்களில் எவருக்கும் வருமானம் வரவில்லை என்று பகிரங்கமாகக் கூறினார். வெளியிட்ட மாஜா நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைக் கொடுத்தது. இந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலையல்ல. ஆனால் அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு ராப் கலைஞரைக் கண்டு பெருமைப்பட்ட நம்மில் எத்தனை பேர், தேயிலைத் தோட்டத்துப் பேரன் ஏன் அங்கே இல்லை என்று கேட்டோம்? ஷானின் ‘மேட் இன் ஜஃப்னா’ நல்ல அல்பம். அவர் மேல் குறை இல்லை. கேட்காதது நாம்.

அறிவு அதற்குப் பிறகு பேட்டி கொடுத்துக்கொண்டே இருக்கவில்லை. அம்பாசா குழுவோடு சேர்ந்து 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று முழு அல்பமே கொண்டுவந்தார். பாட்டியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டால் எந்த அட்டையிலிருந்தும் அதை வெட்ட முடியாது. புதிதாக எதைக் கேட்பது என்று கேட்கும் மலையகப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதை. தனித்தனிப் பாட்டாகப் பொறுக்காமல் தொடக்கத்திலிருந்து கேட்க வேண்டும். இரண்டாவது, காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை கண்ட குழு. கானாவையும் பறையையும் ரொக் கிற்றாரோடு ஒரே மேடையில் ஏற்றியது. தப்பு அடிக்கிறவரைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவைக்கும் பழக்கம் நம் தோட்டங்களிலும் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு இந்தக் குழுவைக் கேட்பது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பழையதில் ஒன்று சொல்வதானால், 2005இல் வந்த எம்.ஐ.ஏ.யின் ‘அருளர்’. மறக்கப்பட்ட அல்பம் அல்ல. ஆனால் நாம் அதை மலையகத்தோடு சேர்த்துக் கேட்டதில்லை. தலைப்பு, ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககாலத்தவரான அவருடைய தந்தையின் பெயர். 1975இல் இலண்டனில் உருவான ஈரோஸ்தான் மலையகத் தமிழரையும் ‘ஈழவர்’ என்ற வரையறைக்குள் வைத்துப் பேசியது. அந்த அரசியல் எங்கே போய் முடிந்தது என்பது வேறு கதை.

இனிச் செய்யக்கூடியது என்ன? 2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த வேகத்தில் பல நிகழ்ச்சிகள் நடந்தன, பல காணொளிகள் எடுக்கப்பட்டன. அவற்றில் பாடியவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ‘தோட்டத்துப் பெண்கள் பாடுகிறார்கள்’ என்றிருக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் படைப்புகளுக்கு ஒரு பிரிவு உண்டு. யாருடையது என்று குறித்துவைக்காத பாட்டுக்கு எந்தச் சட்டமும் உதவாது.

2005இலிருந்து இயங்கும் நூலக நிறுவனம் ஈழத்து அச்சுப் பிரதிகளோடு வாய்மொழி வரலாறுகளையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தில் சேமிக்கிறது. வீட்டில் பழைய கசற் இருந்தால் அங்கே கொடுக்கலாம். கசற் இல்லாத தோட்டங்களில் அதைவிட எளிய வேலை இருக்கிறது. கொழும்பிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையின் கைபேசியே ஒலிப்பதிவுக் கூடம். பாட்டியைப் பாடச் சொல்லிப் பதியும்போது, பாட்டு தொடங்குமுன் நான்கு விடயங்களை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்: தன் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், இந்தப் பாட்டை யாரிடம் கேட்டுப் படித்தார் என்பது. அனுப்பும்போது அந்த முதல் இருபது விநாடிகளை வெட்டாமல் அனுப்ப வேண்டும்.