உடல் நலம்: காப்பி முந்தியா, கம் முந்தியா?

சிகரெட்டை விட்டொழிக்க நிகோட்டின் சூயிங் கம் வாங்கிய நம் சங்கத்து அன்பர் ஒருவர், பயனில்லை என்று சலித்து மீண்டும் புகைக்கலானார். அவர் மனைவியார்தாம் டாக்டரிடம் அழைத்துச் சென்றார். டாக்டரின் முதற் கேள்வி, "காப்பி எப்பொழுது?"

கம் வாயிலிருக்கும்போதே காப்பி அருந்துவது அன்பரின் வழக்கம். (நம்மவரைக் காப்பியிலிருந்து பிரிக்க யாரால் இயலும்!) காப்பியின் அமிலத் தன்மை நிகோட்டினை வாயின் உட்சதையில் சேரவிடாது. கம் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே காப்பியை முடித்துவிட வேண்டும். ஓயாமல் மெல்லுவதும் தவறாம். காரம் தோன்றியதும் கன்னத்தோரம் ஒதுக்கி, அது தணிந்தபின் மறுபடி மெல்ல வேண்டும்.

டாக்டரை நாட நாணுவோர், தில்லியில் 2016-இல் தொடங்கப்பெற்ற அரசாங்கத் தொலைபேசி உதவியை 1800-11-2356 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பெறலாம்.

அன்பர் இப்பொழுது காலைக் காப்பி முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார்.