அந்த 78 யாருடையது?

ஐ.சி.ரி. படிப்பிக்கிற ஆசிரியர்கள் சிலருக்கு இதை வாசிக்கக் கோபம் வரும். வந்தாலும் வாசியுங்கள்.

உயர்தர வகுப்பில் குமிழி வரிசையாக்கம் படிப்பிக்கிறோம். பலகையில் 62, 45, 78, 45 என்று நாலு எண். பக்கத்துப் பக்கமாக ஒப்பிட்டு, இடம் மாற்றி, 78, 62, 45, 45 என்று வந்ததும் பாடம் முடிந்தது. அடுத்தது கடந்தகால வினாத்தாள். அந்த 78 யாருடையது என்று கேட்டால் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. இதைப் பாடம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெறும் எண்ணை ஆரும் வரிசைப்படுத்துவதில்லை. பல்கலைக்கழக அனுமதியை எடுங்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அவற்றில் ஒன்று. நாடு முழுவதையும் இசட் புள்ளியால் வரிசைப்படுத்திவிட்டு, எந்தப் புள்ளி எந்தச் சுட்டெண், எந்த மாவட்டம் என்பதைத் தொலைத்தால் அந்த 55ஐயும் 5ஐயும் எதை வைத்துப் பிரிப்பது? கொக்கிளாய்க் களப்புக்கு இந்தப் பக்கம் முல்லைத்தீவு. அந்தப் பக்கம் புல்மோட்டை, திருகோணமலை மாவட்டம். இரண்டு கரையிலும் ஒரே புள்ளி எடுத்த பிள்ளைகள் இருந்தாலும் அவர்களுக்குரிய வெட்டுப்புள்ளி வேறு. புள்ளி மட்டும் மிஞ்சினால் யார் எந்தக் கரை?

செய்வது கஷ்டமுமில்லை. பரீட்சை மேசையில் ஒட்டியிருக்கிற சுட்டெண் மாதிரித்தான் அணியில் இட இலக்கமும். 0, 1, 2, 3 என்ற இலக்கங்களை இன்னோர் அணியில் போடுங்கள். அவை காட்டும் புள்ளிகளை ஒப்பிட்டு, இலக்கங்களை மட்டும் இடம் மாற்றுங்கள். 2, 0, 1, 3 என்று வரும். மூலப் பட்டியல் அசையாது. பைதனில் 'சோர்ட்டட்' புதுப் பட்டியல் தரும், 'சோர்ட்' இருந்த ஒழுங்கையே கலைத்துவிடும். இரண்டும் ஒன்றென்று எழுதிய ரியூசன் குறிப்புகளைக் கண்டிருக்கிறேன்!

இன்னொன்று. 2, 0, 1, 3 என்பது பிள்ளைகளின் நிலை அல்ல. முதலாவதாக வந்தவர் பட்டியலில் 2ஆம் இலக்கத்தில் இருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். மூல ஒழுங்கில் நிலைகள் 2, 3, 1, 3.

சமமான அந்த இரண்டு 45உம்? பின்னுக்கு நிற்பது பெரிதாக இருந்தால் மட்டும் மாற்றினால், முன்னுக்கு இருந்தவர் முன்னுக்கே இருப்பார். 'பெரிது அல்லது சமம்' என்று ஒரு குறி கூடினால் காரணமில்லாமல் இடம் மாறலாம். மாற்றம் நடக்காத சுற்றில் நிற்கும்படி எழுதிய செய்நிரல் என்றால் நிற்கவே நிற்காது.

"எக்செல் இருக்கே சேர்" என்கிறார்கள். புள்ளி நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினால் எக்செல் எச்சரிக்கும்தான். வாசிக்காமல் 'இதே தெரிவோடு தொடர்' என்று அமத்தினால் பெயர்கள் நின்ற இடத்தில் நிற்க, புள்ளிகள் மட்டும் நகரும். பிழை என்று ஒன்றும் காட்டாது. 62 எடுத்த பிள்ளைக்கு 78 விழும், 78 எடுத்ததுக்கு 45. ரிப்போட்டில் கையெழுத்து வைக்கிற வாப்பாவோ அப்பாவோ இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

"பேப்பருக்கு வராதே" என்பது அடுத்த சாட்டு. நாளைக்கு இந்தப் பிள்ளைகளில் ஒன்றுதான் ஏதோ ஒரு கந்தோரில் வீட்டுத்திட்டப் பட்டியலையோ நிவாரணப் பட்டியலையோ வரிசைப்படுத்தப் போகிறது. அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும்.