நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

ஆகாபு அரசன் விலை பேசியும் நாபோத்து தன் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்கவில்லை. அது மூதாதையர் விட்டுச்சென்ற உரிமை (1 அரசர்கள் 21). கோவையின் தொண்டாமுத்தூர்ப் பகுதிக்கு இன்று அரசன் வரத் தேவையில்லை. மனைப்பிரிவுக் கல் வந்தால் திராட்சைப் பந்தல் சரிகிறது.

உழவரைப் பழித்துப் பயனில்லை. கவாத்துக்கு ஆளில்லை, அடிச்சாம்பல் நோய் விடுவதில்லை, விலையோ நிலையில்லை. பழிக்கத்தக்கது, நம் பன்னீர்த் திராட்சை சாற்றுக்கே ஆகும், நல்ல இரசம் அயல்நாட்டிலிருந்தே வரவேண்டும் என்னும் மயக்கம். இத்திராட்சையை 1832-இல் தமிழகத்திற்குக் கொணர்ந்தவரே ஒரு பிரெஞ்சுக் குரு என்பர். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுலோவேனியாவின் மாரிபோர் நகரத்தார் 400 ஆண்டு கடந்த ஒற்றைக் கொடியைப் பேணி, அதன் சிறிதளவு இரசத்தை உயர்ந்த விருந்தினர்க்கு அளிக்கின்றனர். நாமோ வேரோடு பிடுங்குகிறோம்.

இது குடிவெறிக்கு வக்காலத்து அன்று. பலிபீடத்தைப் பற்றிய பேச்சு. திருச்சபைச் சட்டம் 924 கேட்பது கெட்டுப்போகாத, இயற்கையான திராட்சை இரசம். அயல்நாட்டு முத்திரை அன்று. விதிப்படி இங்கேயே வடித்த இரசத்தை நம் பங்குகள் கேட்டு வாங்கினால், முதிர்ந்த கொடிக்கும் ஒரு விலை உண்டாகும். காணிக்கை வேளையில் திராட்சைக் கொடியையும் மனித உழைப்பையும் சொல்லிக் கடவுளைப் போற்றுகிறோம். எந்தக் கொடி? யாருடைய உழைப்பு?