மழை செய்த குற்றம் என்ன?

மோட்டார் விஷயத்தில் என் நண்பர் ஒருவருக்கு அபார ஞானம் உண்டு. எந்தக் காருக்கு எத்தனை குதிரைச் சக்தி என்பதைத் தம் குழந்தைகளின் வயதைவிடத் துல்லியமாகச் சொல்லுவார். சென்ற ஞாயிற்றுக்கிழமை தம்முடைய புதிய காரில் வந்து இறங்கினார். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ராலிப் பந்தயங்களில் வந்து நின்றது.

"ராலிக் கார்களை மழையிலும் சேற்றிலும் பனியிலும் ஓட்டிப் பரீட்சை செய்கிறார்களே, அது சுத்தப் பத்தாம்பசலி வழக்கம்" என்றார் அவர். "இன்றைக்கு இருக்கிற வானம் நாளைக்கு இருப்பதில்லை. சாலையும் அப்படித்தான். இந்த இரண்டு தொந்தரவுகளையும் கழித்துவிட்டு, ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டிப் பார்த்தால் கார் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மற்றதெல்லாம் அதிர்ஷ்டம்!"

நான் கதை எழுதுகிறவன். கார் விற்பன்னன் அல்லன். ஆனாலும் இந்த அபிப்பிராயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நண்பர் ஒருவர் மட்டும் சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். படித்தவர்கள் பலர் இதையே சொல்லுகிறார்கள். ஆகையால் பதில் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'அதிர்ஷ்டம்' என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம்.

ராலி என்பது மைதானத்தில் செக்குமாடு போலச் சுற்றி வருகிற பந்தயம் அன்று. ஊருக்கு ஊர் போகிற மெய்யான சாலைகளில், ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டு, கடிகாரத்தோடு போட்டியிடுகிற பந்தயம். அவற்றுள் மிகக் கடுமையானது என்று பெயர் வாங்கியது கிழக்கு ஆப்பிரிக்காவின் சஃபாரி ராலி. எலிஸபெத் ராணியின் முடிசூட்டை ஒட்டி 1953-இல் தொடங்கியது அது. பல ஆண்டுகள் ஈஸ்டர் பண்டிகைச் சமயத்தில் நடந்து வந்தது. அந்தச் சமயந்தான் அங்கே பெருமழைக் காலம். கரிசல் மண் மழையில் நனைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களிடம் நான் விளக்க வேண்டியதில்லை. கென்யாவிலும் அதே கறுப்பு மண், அதே பசை!

1963-ஆம் ஆண்டில் 84 கார்கள் புறப்பட்டன. முடிவெல்லையை அடைந்தவை 7. 1968-இல் 93 கார்கள் புறப்பட்டன. அப்போதும் வந்து சேர்ந்தவை 7 தான். இந்த இரண்டு ஆண்டுகளிலும் முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? கென்யாவில் வாழ்ந்த நிக் நோவிக்கி. கூடச் சென்றவர் இரண்டு முறையும் பாடி கிளிஃப். காரும் இரண்டு முறையும் பெஜோ 404. அதே ஆசாமிகள், அதே மாதிரிக் கார், அதே சேறு! அதிர்ஷ்ட தேவதை ஐந்து வருஷம் கழித்து விலாசம் தவறாமல் அதே வீட்டுக் கதவைத் தட்டினாள் என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகள் சிறந்த காரோட்டிகளை அங்கே அனுப்பிப் பார்த்தன. 1972-இல் பின்லாந்துக்காரரான ஹன்னு மிக்கோலா ஃபோர்டு எஸ்கார்ட்டில் வெல்லும் வரையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவராலும் அந்தப் பந்தயத்தை வெல்ல முடியவில்லை. உள்ளூர்க்காரர்களின் கார்கள் வருஷம் முழுவதும், வெயிலிலும் வெள்ளத்திலும், அந்தச் சாலைகளிலேயே பரீட்சை எழுதிக்கொண்டிருந்தன. அது அதிர்ஷ்டம் அன்று, படிப்பு.

"அப்படியானால் மழையில் ஓட்டினால் போதும், உண்மை வெளியாகிவிடுமா?" என்று கேட்டார் நண்பர். ஆகாது. இங்கே அவருடைய கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வானமும் சாலையும் உண்மையையும் சொல்லும். கேட்கத் தெரியாதவனிடம் பொய்யும் சொல்லும்.

பரீட்சைக்காக நான்கைந்து கிலோமீட்டர் சரளைச் சாலை ஒன்றை அடைத்துவிட்டுக் காலையிலிருந்து மாலைவரை அதே காரை அதே வழியில் ஓட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தில் சாலையின் மேல் உதிரிக் கற்கள் கிடக்கின்றன. சக்கரம் கடலைமணிகளின் மேல் கால் வைத்தது போல் வழுக்குகிறது. ஐந்தாறு முறை ஓடியதும் காரே துடைப்பமாகிக் கற்களை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அடியில் கெட்டியான தரை தெரிகிறது. நேரம் சில விநாடிகள் குறைகிறது. நடுவில் ஒரு ஸ்பிரிங்கை மாற்றிய இஞ்சினீயரோ, "பார்த்தீர்களா, என் ஸ்பிரிங்கின் மகிமையை!" என்று பூரித்துப் போகிறார். பாவம், மகிமை துடைப்பத்தினுடையது!

பிற்பகலில் இலேசாக ஒரு தூறல். புழுதி அடங்கி மண் இறுகுகிறது. பிடிப்பு இன்னும் கூடுகிறது. தூறல் மழையானால் அதே மண் சேறாகிப் பிடிப்பு போய்விடுகிறது. மாலையில் பள்ளம் விழுந்து பாறை தலைநீட்டுகிறது. கார் என்னவோ ஒன்றுதான். ஒரே நாளில் சாலை நான்கு அவதாரம் எடுத்துவிட்டது. ஆகையால்தான் விவரம் அறிந்தவர்கள் ஒரு மாற்றம் செய்து ஓடிப் பார்த்தபின், பழைய அமைப்பையே திரும்பப் பூட்டி மறுபடியும் ஓட்டுகிறார்கள். பழைய அமைப்பிலும் நேரம் குறைந்திருந்தால், மாறியது கார் அன்று, சாலை என்று தெரிந்துவிடும். வானிலையைக் கழித்து அல்ல, கணக்கில் சேர்த்தே உண்மையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

உருளைகளின் மேல் இதையெல்லாம் கற்க முடியுமா? இஞ்சினின் பலத்தை அளக்கலாம், வாஸ்தவந்தான். ஆனால் மாண்டி கார்லோ ராலியை நினைத்துப் பாருங்கள். டூரினி கணவாயின் உயரம் 1607 மீட்டர். அடிவாரத்தில் சாலை காய்ந்திருக்கும். உச்சியில், வெயில் படாத வளைவில், கண்ணாடி போல் பனி உறைந்திருக்கும். ஆணி பதித்த டயர் போட்டால் அடிவாரத்தில் நஷ்டம். சாதா டயர் போட்டால் உச்சியில் ஆபத்து. எங்கே தோற்பது என்பதை முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். போட்டியாளர் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னால் ஆட்களை அனுப்பி, எந்த வளைவில் பனி இருக்கிறது என்று குறித்து வரச் சொல்லுகிறார்கள். எந்த ஆய்வுக்கூடத்து உருளையில் இந்த நிழல் விழும்?

ஸ்வீடன் தேசத்து ராலியோ பனியையே நம்பிப் பிழைப்பது. 1990-இல் குளிர் ஏமாற்றிவிட்டது; ராலியையே ரத்துச் செய்தார்கள். 2020-இல் மறுபடியும் பனி போதவில்லை. ஓட்டத்தின் தூரத்தை வெட்டிக் குறைத்தார்கள். 2022-இல் வடக்கே ஊமெயோ நகரத்துக்கே பந்தயத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். உறைபனிக்காக ஆணி அடித்த டயர் வெறுஞ் சரளையில் ஓடினால் ஆணிகள் பிடுங்கிக்கொண்டு போகும். வானிலை ஒரு தொந்தரவு என்கிறவர்கள் இதையும் கேட்கட்டும்: அங்கே வானிலைதான் சாலை!

இனி நான் சொல்லப்போவது விளையாட்டுப் பேச்சு அன்று. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, குரோவேஷியா ராலிக்கு முந்திய பரீட்சை ஓட்டத்தில், அயர்லாந்துக்காரரான கிரெய்க் பிரீன் உயிரிழந்தார். வயது 33. பந்தயத்தில் அல்ல, பரீட்சையில். வானிலைதான் அதற்குக் காரணம் என்று சொல்ல நான் வரவில்லை. பரீட்சைச் சாலையும் மெய்யான சாலை, அதன் ஓரத்தில் இருப்பவையும் மெய்யான கம்பங்கள் என்றுதான் சொல்லுகிறேன். மழையைப் பரீட்சைக்கு அழைக்கிறவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. பந்தய நாளில் மருத்துவருக்கும் காவலுக்கும் சாலையோரப் பாதுகாப்புக்கும் எவ்வளவு கவனம் செலுத்துவார்களோ, அவ்வளவும் பரீட்சை நாளிலும் செலுத்த வேண்டும். "பரீட்சைதானே!" என்ற அலட்சியத்தைவிட ஆபத்தான சேறு கிடையாது.

ஆகவே என் கோரிக்கை இரண்டே. உயிரைக் காக்கிற ஏற்பாட்டில் சிக்கனம் வேண்டாம். பரீட்சை முடிவை வெளியிடும்போது இத்தனை விநாடி, இத்தனை வேகம் என்று எண்ணை மட்டும் அச்சடித்து எங்கள் தலையில் கட்டவும் வேண்டாம். எந்தச் சாலை, எத்தனையாவது ஓட்டம், வெயிலா மழையா, எந்த டயர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற விளம்பரத்தை நம்பிக் கார் வாங்கிவிட்டு, பெட்ரோல் பங்கில் நின்று பெருமூச்சு விடுகிற குடும்பஸ்தர்களுக்கும் இந்த உரிமை உண்டு. வானிலையைச் சொல்லாத எண் பாதிப் பொய்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் மழை பெய்தால் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். நண்பர் ஜன்னல் வழியாகத் தம் புதிய காரைக் கவலையோடு பார்த்தார்.

"உருளைகளின் மேல் பரீட்சை செய்த கார்தானே? புறப்படுங்கள்" என்றேன்.

"இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்றார் நண்பர்.