திறவாத பெட்டி

பொம்மை விளையாடுவதற்காகவே செய்யப்படுகின்றது. இதைக்கூட எடுத்துச் சொல்ல வேண்டிய காலமாயிற்று. திரைப்பட நாயகர்களின் சாயலில் ஓரடியும் ஒன்றரை அடியுமாக வார்க்கப்படும் பிளாஸ்டிக் உருவங்களைச் சேர்ப்போரிடையே, திறந்த பெட்டிக்கு விலை குறைவு. திறவாத பெட்டிக்கே மவுசு. குழந்தையின் கை பட்டால் பண்டத்தின் மதிப்புக் கெட்டுவிடுமாம்!

இவ்வாணிபத்தின் பிறப்பை நோக்குவோம். 1964இல் அமெரிக்காவின் ஹஸ்புரோ நிறுவனம் 'ஜீ. ஐ. ஜோ' என்னும் ஓரடிப் போர்வீரனைச் சந்தைக்கு அனுப்பியது. பொம்மையென்றால் பையன்கள் தீண்டார்கள் என அஞ்சி, 'அக்ஷன் ஃபிகர்' என்று புதுப்பெயர் சூட்டியது. 1977 மே மாதத்தில் 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படம் வெளிவந்தது. நத்தார் நெருங்கியும் கென்னர் நிறுவனத்திடம் அதன் பொம்மைகள் ஆயத்தமாகவில்லை. என் செய்தனர்? வெறும் அட்டை உறையொன்றில் சீட்டொன்றை வைத்து விற்றனர்! சீட்டை அஞ்சலில் அனுப்பினால் மறு ஆண்டு நான்கு பொம்மைகள் வரும். சரக்கே இல்லாமல் குழந்தையின் ஆசையை மட்டும் காசாக்கிய இச்சாமர்த்தியத்தை முதலாளித்துவத்தின் பாடநூலிலேயே சேர்க்கலாம். பெரியவர் துணையின்றிச் சிறுவர் பார்க்கலாகாதென வரையறுக்கப்பட்ட 'ஏலியன்' படத்தின் கோர மிருகத்தையும் 1979இல் இதே நிறுவனம் ஒன்றரை அடியில் வார்த்துச் சிறுவர்க்கு விற்றது. பெற்றோர் கண்டித்தனர்.

இன்று ஹொங்கொங்கின் 'ஹொட் டோய்ஸ்' போன்ற நிறுவனங்கள் செய்யும் ஓரடி உருவங்கள் பல 200 டொலருக்கு மேல் விலை போகின்றன. 30 மூட்டுகள் இருந்தும், கண்ணாடி அலுமாரிக்குள் ஒன்றேனும் அசைவதில்லை. அம்முகங்களைச் செதுக்கிய கலைஞரின் திறனை நாம் மறுக்கவில்லை. ஆனால் வார்த்தும் பூட்டியும் பொதி கட்டியும் உழைத்த கைகள் எங்கே?

பொம்மைத் தொழிலின் அக்கைகளை உலகம் ஒருமுறை கண்டது. 1993 மே 10இல் தாய்லாந்தின் காடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. 188 பேர் மாண்டனர். பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். வாசல்கள் பூட்டப்பட்டிருந்தன. அவர்கள் செய்தவை தாம் ஒருநாளும் காணாத மேலைநாட்டுக் குழந்தைகளின் மகிழ்ச்சிக்கான பொம்மைகள்!

அவ்வுழைப்பை விளையாட்டாகக்கூட மலரவிடாது பெட்டிக்குள் பூட்டி, விலையேறக் காத்திருப்பவனை நாம் இரசிகன் என்று கொள்ளோம். அவன் பதுக்கல் வியாபாரி.

வளர்ந்த மனிதன் பொம்மையை எடுத்து ஆடுவதை எள்ளி நகையாடுவோருடனும் நமக்கு உடன்பாடில்லை. கையை மடக்கி, காலைத் திருப்பி, நிறுவனம் எழுதாத கதையொன்றைத் தானே புனைபவன் வாங்குவோன் மட்டுமல்லன், படைப்போனுமாவான். அவனுடைய அலுமாரிக்குப் பூட்டு வேண்டாம். அயல்வீட்டுச் சிறுவன் கேட்டால் எடுத்துக் கொடுக்கட்டும். கை முறிந்தால் முறியட்டும். ஒற்றைக் கை வீரனுக்கும் அச்சிறுவன் கதை வைத்திருப்பான்.